ஈஸ்ட் செல்லில் ஒரு பொதுப் படியெடுத்தல் காரணியை அகற்றி, அதன் பங்கை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேக்கரி ஈஸ்ட்டில் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் புரதங்களுக்கான மரபணுக்கள் அனைத்தையும் ஆர்என்ஏ பாலிமரேஸ்-2 என்னும் ஒரே நொதி படியெடுக்கிறது. அந்த நொதியால் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியான புரோமோட்டரைத் தனியே கண்டுகொள்ள முடியாது. அதை அங்கே கொண்டு நிறுத்தி, டிஎன்ஏ இழைகளைப் பிரித்து, பயணத்தைத் தொடங்கிவைக்கும் புரதங்களையே பொதுப் படியெடுத்தல் காரணிகள் என்கிறோம்.

இவற்றுள் ஒன்றைச் செல்லிலிருந்து அகற்றினால் எந்த மரபணுவின் வெளிப்பாடு எவ்வளவு குறைகிறது என்று அளப்பதே இங்கே நாம் செய்யப்போகும் வேலை. இதில் புதியவர்கள் தடுமாறுவதற்கு ஒரே காரணம் பல உருவங்களில் வருகிறது: அகற்றப்படும் காரணி எல்லா மரபணுக்களுக்கும் தேவைப்படுவதால், ஒப்பிடுவதற்கென்று நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மரபணுவும் உடன் குறைந்துவிடுகிறது. துணியோடு சேர்ந்து அளவுகோலும் சுருங்கினால், துணி சுருங்கவே இல்லை என்றுதான் கணக்கு வரும். கீழேயுள்ள படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு பிழையைத் தவிர்ப்பதற்காக அமைக்கப்பட்டது.

1. உறுப்புகளைப் பெயரோடும் வேலையோடும் தெரிந்துகொள்ளுங்கள்

பாலிமரேஸ்-2-க்கு உரிய பொதுக் காரணிகள் ஆறு: டிஎஃப்-2ஏ, 2பி, 2டி, 2இ, 2எஃப், 2ஹெச். இவற்றுள் 2பி மட்டும் ஒற்றைப் புரதம். ஈஸ்ட்டில் அதன் மரபணுவின் பெயர் சுவா7. மற்றவை பல துணை அலகுகள் சேர்ந்த தொகுப்புகள்.

டாட்டா பிணைப்புப் புரதம் டிஎன்ஏவை வளைத்து முதல் இடத்தைப் பிடிக்கிறது. அதன் மரபணு எஸ்பிடி15. புரதத்தின் நீளம் 240 அமினோ அமிலங்கள். அதைப் புரோமோட்டரில் கொண்டு வைப்பவை இரண்டு பெருந்தொகுப்புகள்: ஒன்று, டாஃப் எனப்படும் புரதங்களோடு அதைத் தன் உறுப்பாகவே வைத்திருக்கும் 2டி, மற்றொன்று சாகா. 2ஏ அந்தப் பிணைப்பை உறுதிப்படுத்துகிறது. 2பி, பாலிமரேஸை அங்கே இணைப்பதோடு, படியெடுப்பு எந்த எழுத்தில் தொடங்கும் என்பதிலும் பங்கு வகிக்கிறது. 2எஃப் பாலிமரேஸோடு சேர்ந்தே வருகிறது. 2இ வந்து 2ஹெச்சை அழைக்கிறது. 2ஹெச்சில் உள்ள எஸ்எஸ்எல்2 டிஎன்ஏவைத் திறக்கிறது, கின்28 என்னும் கைனேஸ் பாலிமரேஸின் வாலில் ஐந்தாம் இடத்துச் செரினில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. ஈஸ்ட் பாலிமரேஸின் அந்த வாலில் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் 26 முறை திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த வரிசை சோதனைக்குழாயில் தூய்மைப்படுத்திய புரதங்களைக் கொண்டு கண்டறிந்தது. செல்லுக்குள்ளும் ஒவ்வொன்றாக வந்து காத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்காதீர்கள். பாதி கட்டி நிற்கும் தொகுப்புகளை உயிருள்ள ஈஸ்ட்டில் அரிதாகவே காண்கிறோம். பன்னிரண்டாம் படியில் இது முக்கியமாகும்.

2. எந்தத் துணை அலகை அகற்றுவது என்று முடிவு செய்யுங்கள்

நான் கண்ட வீண் முயற்சிகளில் பாதிக்கு மேல் இந்தப் படியில் தொடங்கியவை. பெயரை மட்டும் பார்த்துத் துணை அலகைத் தேர்ந்தெடுத்தால், ஒன்றை அகற்றுவதாக எண்ணி இரண்டை அகற்றியிருப்பீர்கள்.

டாஃப்5, டாஃப்6, டாஃப்9, டாஃப்10, டாஃப்12 ஆகிய ஐந்தும் 2டியில் மட்டுமல்ல, சாகாவிலும் இருக்கின்றன. டாஃப்12-ஐ அகற்றிவிட்டு 2டியின் பங்கை அளந்ததாக எழுதினால், அந்த முடிவு எதற்கும் உதவாது. 2டியை மட்டும் தொட வேண்டுமானால் டாஃப்1, டாஃப்7, டாஃப்13 ஆகியவற்றுள் ஒன்றை எடுங்கள். டாஃப்14-ஐ விட்டுவிடுங்கள், அது 2டியிலும் 2எஃப்பிலும் குரோமாட்டினை (டிஎன்ஏவும் அதைச் சுற்றிய புரதங்களும் சேர்ந்த அமைப்பு) மாற்றியமைக்கும் சில தொகுப்புகளிலும் இருக்கிறது.

சாகாவுக்கு எஸ்பிடி7 நல்ல தேர்வு, ஏனெனில் அது இல்லாமல் தொகுப்பே கட்டுக்கோப்பாக நிற்பதில்லை. டிரா1 தவறான தேர்வு. அது நுஏ4 என்னும் வேறொரு தொகுப்புக்கும் உரியது.

டாட்டா பிணைப்புப் புரதத்தையே அகற்ற நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது பாலிமரேஸ்-2-க்கு மட்டும் உரியதன்று. ரைபோசோம் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ்-1-க்கும், கடத்து ஆர்என்ஏக்களைப் படியெடுக்கும் பாலிமரேஸ்-3-க்கும் அது வேண்டும். ஆகவே பாலிமரேஸ்-3 உருவாக்கும் எஸ்சிஆர்1 போன்ற ஆர்என்ஏக்களை நடுநிலை அளவாகக் கொள்வது இந்தச் சோதனையில் செல்லாது. பாலிமரேஸ்-2-ஐ மட்டும் பார்க்க விரும்பினால் சுவா7 தெளிவான இலக்கு.

2ஹெச்சில் ராட்3, எஸ்எஸ்எல்2 ஆகிய இரண்டும் டிஎன்ஏ பழுதுபார்ப்பிலும் ஈடுபடுகின்றன. குறுகிய நேரச் சோதனையில் இது பெரிய இடையூறு அன்று, ஆனால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. அகற்றும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் காரணிகளில் பெரும்பாலானவை இல்லாமல் ஈஸ்ட் உயிர்வாழாது. எனவே மரபணுவை நீக்கும் வழி அடைபட்டிருக்கிறது. மூன்று வழிகள் எஞ்சுகின்றன.

முதலாவது, வெப்பத்தில் செயலிழக்கும் திரிபுகள். வளர்ப்பை 37 டிகிரிக்கு மாற்றியவுடன் புரதம் கெடுகிறது, ஆனால் அந்த மாற்றமே நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கலைத்துவிடுகிறது. வேறு வழி இருக்கும்போது இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது, நங்கூரமிட்டு வெளியே இழுக்கும் முறை. இலக்குப் புரதத்தோடு எஃப்ஆர்பி என்னும் துண்டையும், ரைபோசோம் புரதமான ஆர்பிஎல்13ஏவோடு எஃப்கேபிபி12-ஐயும் இணைத்து, ராப்பமைசின் என்னும் மருந்தைச் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. புதிதாகக் கட்டப்பட்ட ரைபோசோம் உட்கருவை விட்டு வெளியேறும்போது இலக்கையும் இழுத்துச் செல்கிறது. ராப்பமைசின் இயல்பான ஈஸ்ட்டின் வளர்ச்சியை நிறுத்தும் என்பதால், டிஓஆர்1 மரபணுவில் எதிர்ப்புத் திரிபும் எஃப்பிஆர்1 நீக்கமும் கொண்ட ஈஸ்ட் வகை (ஸ்ட்ரெய்ன்) கட்டாயம் தேவை.

மூன்றாவது, தாவர ஹார்மோனான ஆக்சினைக் கொண்டு செய்யும் சிதைவு முறை. இலக்கின் முனையில் தாவரப் புரதத்திலிருந்து எடுத்த சிதைவுக்குறியையும், செல்லில் நெற்பயிரின் டிஐஆர்1 புரதத்தையும் வைத்தால், ஆக்சின் சேர்த்தவுடன் இலக்குப் புரதம் செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோமுக்கு அனுப்பப்பட்டு அழிகிறது. இந்த வழிகாட்டி இதையே பின்பற்றுகிறது, ஏனெனில் அகன்றதா இல்லையா என்பதை எதிர்ப்பொருளால் புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் நேரடியாகக் காணலாம்.

4. ஸ்ட்ரெய்னை உருவாக்கி, சோதனைக்கு முன்பே சரிபாருங்கள்

நெல்லின் டிஐஆர்1-ஐத் தொடர்ந்து வெளிப்படுத்தும் தாய் ஸ்ட்ரெய்னை முதலில் தயாரியுங்கள். சிதைவுக்குறியை அதன் பிறகே இணையுங்கள். இந்த வரிசையால், குறியில்லாத தாய் ஸ்ட்ரெய்ன் பிற்பாடு ஒப்பீட்டுக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது.

குறியையும் தேர்வு மரபணுவையும், இலக்கின் முடிவுப் பகுதியோடு ஒத்த 40 முதல் 50 எழுத்துகள் கொண்ட பிரைமர்களால் (டிஎன்ஏ பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகள்) பிசிஆரில் பெருக்கி, லித்தியம் அசிடேட் முறையில் செல்லுக்குள் செலுத்துங்கள். ஈஸ்ட் ஒத்த வரிசைகளை இணைத்துக்கொள்வதில் திறமையானது. மீதியை அதுவே செய்துகொள்ளும். சிதைவுக்குறியோடு வி5 போன்ற ஒரு எபிடோப்பும் (கிடைக்கும் எதிர்ப்பொருள் அடையாளம் காணும் சிறு துண்டு) இருக்கட்டும், இல்லையேல் புரதத்தைக் காண எதிர்ப்பொருள் தேடி அலைய நேரும்.

பிறகு நான்கு சரிபார்ப்புகள். காலனி பிசிஆரால் குறி சரியான இடத்தில் அமர்ந்ததை உறுதி செய்யுங்கள். ஆக்சின் இல்லாத ஊடகத்தில் இரட்டிப்பு நேரத்தைத் தாய் ஸ்ட்ரெய்னோடு ஒப்பிடுங்கள். 30 டிகிரியில் செழிப்பான ஊடகத்தில் அது ஏறக்குறைய 90 நிமிடம். ஆக்சின் கலந்த அகார் தட்டில் பத்துப் பத்து மடங்காக நீர்த்த துளிகளை இட்டு, குறியுள்ள ஸ்ட்ரெய்ன் வளராததைக் காணுங்கள். இறுதியாக 0, 10, 20, 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுத்து வெஸ்டர்ன் பிளாட் செய்யுங்கள்.

இந்த நான்கில் பலரும் தவிர்ப்பது இரண்டாவது. ஆக்சின் இல்லாமலேயே டிஐஆர்1 சிறிதளவு இலக்கை அழித்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் தொடக்கப் புள்ளியே பாதி சேதமடைந்தது. வளர்ச்சி மந்தமாக இருந்தால், டிஐஆர்1-இல் 74ஆம் இடத்து ஃபினைல்அலனினை கிளைசினாக மாற்றிய வடிவத்துக்கும், அதற்கெனச் செய்யப்பட்ட ஃபினைல் சேர்ந்த ஆக்சினுக்கும் மாறுங்கள். அதில் இந்தக் கசிவு மிகக் குறைவு.

5. ஒப்பீட்டு மாதிரிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள்

குடுவைகளைத் தொடுவதற்கு முன் தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய மாதிரிகள் ஐந்து: குறியுள்ள ஸ்ட்ரெய்ன் ஆக்சினோடு, அதுவே ஆக்சினைக் கரைக்கும் வெறும் டிஎம்எஸ்ஓவோடு, குறியில்லாத தாய் ஸ்ட்ரெய்ன் ஆக்சினோடு, தாய் ஸ்ட்ரெய்ன் டிஎம்எஸ்ஓவோடு, புதிய ஆர்என்ஏவைக் குறியிட உதவும் தயோயுராசில் சேர்க்காத ஒரு மாதிரி.

மூன்றாவதை வீண் செலவு என்று விடுபவர்கள் உண்டு. ஆக்சினும் செல்லுக்குள் செல்லும் ஒரு வேதிப்பொருள்தான். ஈஸ்ட்டில் வளர்ச்சியை நெறிப்படுத்தும் டிஓஆர் பாதையை அது தடுக்கக்கூடும் என்று 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்தப் பாதை தளர்ந்தால் முதலில் குறைபவை ரைபோசோம் புரத மரபணுக்கள். அதே மரபணுக்கள்தாம் 2டி அகன்றாலும் கடுமையாகக் குறைபவை. குறியில்லாத ஸ்ட்ரெய்ன் இன்றி இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

இந்தத் தொகுதி முழுவதையும் குறைந்தது மூன்று தனித்தனிக் காலனிகளிலிருந்து தொடங்கிய வளர்ப்புகளில் திரும்பச் செய்யுங்கள். ஒரே குடுவையை மூன்றாகப் பிரிப்பது மூன்று சோதனை ஆகாது.

6. சுருங்காத அளவுகோலைத் தயாரியுங்கள்

எனக்குச் செயல்முறை முழுவதிலும் மிக முக்கியமான படி இதுவே. ஆயினும் கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்து அவசரமாகச் செய்யப்படுவதும் இதுவே.

உங்கள் காரணி அகன்றதால் பாதிக்கப்படாத ஆர்என்ஏ ஒன்று வேண்டும். அது அந்தச் செல்லுக்குள் இருக்க முடியாது. ஆகவே வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். ஸ்கைசோசாக்கரோமைசிஸ் போம்பே எனப்படும் பிளவு ஈஸ்ட் இதற்குப் பொருத்தமானது, ஏனெனில் அது பேக்கரி ஈஸ்ட்டோடு நெருங்கிய உறவில்லாதது. ஆர்என்ஏ வரிசைகள் வெகுவாக வேறுபட்டிருப்பதால் பிரைமர்கள் குழம்புவதில்லை. செல்சுவர் உடைப்பிலும் அது ஏறத்தாழ ஒரே விதமாக நடந்துகொள்கிறது.

பிளவு ஈஸ்ட்டைப் பெரிய அளவில் வளர்த்து, தயோயுராசில் ஊட்டி, அறுவடை செய்து, செல்களை எண்ணி, சம அளவுப் பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். திட்டத்தின் எல்லாச் சோதனைகளுக்கும் போதுமான பங்குகளை ஒரே நாளில் தயாரிப்பது நல்லது. வெவ்வேறு நாட்களில் தயாரித்த பங்குகள் வெவ்வேறு அளவுகோல்கள்.

எண்ணுவதற்கு ஒளி அடர்த்தியை நம்பாதீர்கள். பிளவு ஈஸ்ட் கோல் வடிவமானது, பேக்கரி ஈஸ்ட் முட்டை வடிவமானது. ஒரே ஒளி அடர்த்தியில் செல் எண்ணிக்கை வேறு. எண்ணும் கண்ணாடித் தகட்டையோ செல் எண்ணும் கருவியையோ பயன்படுத்துங்கள்.

7. வளர்த்தல், அகற்றுதல், குறியிடுதல்

யுராசில் குறைந்த செயற்கை ஊடகத்தில் 30 டிகிரியில் வளருங்கள். தயோயுராசிலும் யுராசிலும் ஒரே வாயில் வழியாகச் செல்லுக்குள் நுழைவதால், ஊடகத்தில் யுராசில் மிகுந்தால் குறியீடு மங்கும். யுராசில் தேவைப்படும் ஸ்ட்ரெய்ன்களுக்கு அதை முற்றிலும் நீக்கிவிடாமல், எல்லாக் குடுவைகளிலும் ஒரே குறைந்த அளவு வையுங்கள்.

600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.5-க்கும் 0.8-க்கும் இடையில் இருக்கும்போது தொடங்குங்கள். ஒன்றைத் தாண்டிய வளர்ப்பில் குளுக்கோஸ் குறையத் தொடங்கி, மரபணு வெளிப்பாடு தானாகவே மாறும்.

ஆக்சினை டிஎம்எஸ்ஓவில் 500 மில்லிமோலார் கரைசலாக வைத்து, ஆயிரத்துக்கு ஒரு பங்கு சேர்த்தால் இறுதிச் செறிவு 500 மைக்ரோமோலார். அது ஒளியில் சிதையும். பழுப்புக் குப்பியில் வையுங்கள். 30 நிமிடம் குலுக்கலில் விடுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் 20 நிமிடத்திலேயே புரதம் மறைந்திருந்தால் 20 நிமிடம் போதும். நேரத்தை நீட்டுவதால் விளைவு தெளிவாவதில்லை. முதல் அலையில் குறைந்த புரதங்களால் வரும் இரண்டாம் அலை விளைவுகளே கூடுகின்றன.

அந்த நேரம் முடிந்ததும் 4-தயோயுராசிலை 5 மில்லிமோலார் இறுதிச் செறிவில் சேர்த்து, சரியாக 5 நிமிடம் விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில் பிறக்கும் ஆர்என்ஏ மட்டுமே கந்தக அணுவைத் தாங்கி நிற்கும்.

இத்தனை சிரமம் எதற்கு, மொத்த ஆர்என்ஏவை அளந்தால் போதாதா என்று ஒவ்வொரு ஆண்டும் யாரேனும் கேட்பார்கள். போதாது. செல்லில் தேங்கியிருக்கும் தூது ஆர்என்ஏவின் அளவு, உற்பத்தியும் சிதைவும் சேர்ந்து தீர்மானிப்பது. படியெடுப்பு குறையும்போது ஈஸ்ட் சிதைவையும் மெதுவாக்கி ஈடுகட்டுகிறது. ஆகவே மொத்த அளவு பெரிதாக மாறாமல் தோன்றும். 2டி ஒரு பகுதி மரபணுக்களுக்கும் சாகா மற்றொரு சிறு பகுதிக்கும் மட்டுமே வேண்டும் என்ற பழைய பிரிவினைக்கு இது பெரிதும் காரணமாயிற்று. புதிதாக உருவான ஆர்என்ஏவை அளந்தபோது, ஏறக்குறைய எல்லா மரபணுக்களிலும் இரண்டுக்கும் பங்குண்டு என்று 2017-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

பல குடுவைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் மூன்று நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தயோயுராசிலைச் சேர்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அறுவடை செய்பவர்களின் கடைசிக் குடுவை பத்து நிமிடம் கூடுதலாகக் குறியிடப்பட்டிருக்கும். மைய விலக்கியில் சுழலும்போதும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அந்த நேரமும் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

8. ஆர்என்ஏவைப் பிரித்து, புதியதைத் தனியே எடுங்கள்

செல்களை எண்ணி, எட்டுக்கு ஒன்று என்பது போன்ற நிலையான விகிதத்தில் பிளவு ஈஸ்ட்டைக் கலந்த பிறகே உடைக்கத் தொடங்குங்கள். பிரித்தெடுத்த ஆர்என்ஏவில் பிற்பாடு சேர்த்தால், உடைப்பிலும் வீழ்படிவிலும் நேர்ந்த இழப்பை அந்த அளவுகோல் அறியாது.

65 டிகிரியில் அமிலத் தன்மையுள்ள சூடான பீனால் முறை இதற்கு நம்பகமானது. பீனால் தோலைப் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, புகைபோக்கியுள்ள பெட்டிக்குள் மட்டும் வேலை செய்யுங்கள். மெர்காப்டோ எத்தனால், டிடிடி போன்ற ஒடுக்கும் பொருட்கள் இந்தக் கட்டத்தில் எங்கும் வரக்கூடாது. வணிகக் கிட்டுகளின் உடைப்புக் கரைசலில் அவை இருக்கக்கூடும். உறையைப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, கந்தகத்தோடு டைசல்ஃபைடு பிணைப்பை ஏற்படுத்தும் பயோட்டினை இணைக்கிறோம். எம்டிஎஸ்இஏ-பயோட்டின், பழைய ஹெச்பிடிபி-பயோட்டினை விட நன்றாக ஒட்டுகிறது. இருட்டில் 30 நிமிடம் போதும். ஒட்டாத பயோட்டினைக் குளோரோஃபார்ம் கலவையால் நீக்கி, ஆர்என்ஏவை மீண்டும் வீழ்படிவாக்குங்கள். எஞ்சிய பயோட்டின் காந்த மணிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, நமக்கு வேண்டிய ஆர்என்ஏவை வெளியே தள்ளிவிடும்.

ஸ்ட்ரெப்டாவிடின் காந்த மணிகளில் பிடித்து, உப்பு மிகுந்த கரைசலால் பலமுறை கழுவி, இப்போது டிடிடி சேர்த்தால் டைசல்ஃபைடு அறுந்து ஆர்என்ஏ வெளிவரும். முன்பு விலக்கச் சொன்ன பொருளே இங்கே திறவுகோலாகிறது.

9. சிடிஎன்ஏவும் அளவறி பிசிஆரும்

மணிகளிலிருந்து வந்த ஆர்என்ஏவை எல்லா மாதிரிகளிலும் சமமான கன அளவு எடுங்கள். சமமான எடை எடுக்கக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் மறப்பவர்கள் இருக்கிறார்கள், ஏனெனில் மற்ற எல்லாச் சோதனைகளிலும் எடையைச் சமப்படுத்தும்படிதான் கற்பித்திருக்கிறோம். காரணி அகன்றதால் புதிய ஆர்என்ஏ எட்டில் ஒரு பங்காகியிருந்தால், எடையைச் சமப்படுத்துவது அந்தக் கண்டுபிடிப்பின் பெரும்பகுதியைக் கையாலேயே அழிப்பதாகும். பிளவு ஈஸ்ட் உள்ளே இருப்பதால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆயினும் நீர்த்தலில் நேரும் பிழைகளை ஏன் வீணாகச் சேர்க்க வேண்டும்?

ஆர்என்ஏவிலிருந்து படியெடுக்கும் டிஎன்ஏவான சிடிஎன்ஏவுக்கு, அடினின் வாலைப் பிடிக்கும் பிரைமரைத் தவிர்த்து, சீரற்ற ஆறெழுத்துப் பிரைமர்களைப் பயன்படுத்துங்கள். புதிதாகப் பிறந்த ஆர்என்ஏக்களில் பலவற்றுக்கு இன்னும் வால் முளைத்திருக்காது.

ஈஸ்ட்டில் 300 அளவிலான மரபணுக்களில்தான் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) இருக்கிறது. எனவே பிரைமர்களை இன்ட்ரானின் இருபுறமும் வைத்து மரபணுத் தொகுதி டிஎன்ஏவை விலக்கும் உத்தி பெரும்பாலும் பயன்படாது. டிஎன்ஏஸ் நொதியால் சுத்தம் செய்து, தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத மாதிரியை ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள்.

மரபணுத் தேர்வில், 2டியைச் சார்ந்ததற்கு ஆர்பிஎஸ்5, டாஃப்களை அவ்வளவாகச் சாராததற்கு ஏடிஹெச்1, பிஜிகே1, பொதுவான ஒப்பீட்டுக்கு ஆக்ட்1 எனத் தொடங்கலாம். பிளவு ஈஸ்ட்டுக்கென இரண்டு பிரைமர் இணைகள் வேண்டும். ஒவ்வொரு இணையையும் மற்ற ஈஸ்ட்டின் ஆர்என்ஏ மட்டும் உள்ள மாதிரியில் ஓட்டி, எதுவும் பெருகாததை உறுதி செய்யுங்கள். பெருக்கும் திறன் 90 விழுக்காட்டுக்குக் குறைந்த இணையை மாற்றிவிடுங்கள்.

10. கணக்கைச் சரியான அடியில் வகுத்துப் பாருங்கள்

புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்களில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிசிஆரின் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவு இரட்டிப்பாகிறது, ஆகவே தாமதமாகத் தோன்றுவது குறைவாக இருந்தது. ஆக்சின் இல்லாதபோது ஆர்பிஎஸ்5 18-ஆம் சுழற்சியிலும், ஆக்ட்1 17-ஆம் சுழற்சியிலும், பிளவு ஈஸ்ட் மரபணு 20-ஆம் சுழற்சியிலும் தோன்றுகின்றன. ஆக்சின் சேர்த்த மாதிரியில் அவை முறையே 21, 20, 20.

ஆக்ட்1-ஐ அடியாகக் கொண்டால் வேறுபாடு முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. ஆர்பிஎஸ்5 மாறவே இல்லை என்று முடிவு வரும். பிளவு ஈஸ்ட்டை அடியாகக் கொண்டால் முன்பு இரண்டு சுழற்சி முந்தி வந்தது, இப்போது ஒரு சுழற்சி பிந்தி வருகிறது. மொத்தம் மூன்று சுழற்சி வேறுபாடு. இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. ஆர்பிஎஸ்5-இன் புதிய படியெடுப்பு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது, ஆக்ட்1-உம் அப்படியே.

ஒரே தட்டு, ஒரே எண்கள், நேரெதிரான இரண்டு முடிவுகள். முதல் முடிவோடு என்னிடம் வந்து, காரணி தேவையற்றது போலும் என்று மனம் தளர்ந்து நின்றவர்கள் உண்டு. அவர்களது சோதனையில் பிழையே இல்லை, வகுத்த அடியில்தான் பிழை.

பிறகு, தயோயுராசில் சேர்க்காத மாதிரியின் அளவைப் பின்னணியாகக் கழியுங்கள். குறைவு பெரிதாக இருக்கும் மாதிரிகளில் பின்னணியின் பங்கு கூடுதலாகும் என்பதால், இதை விட்டால் 5 விழுக்காடு 15 விழுக்காடாகத் தெரியும்.

11. எந்த இடத்தில் தடைப்பட்டது என்று குரோமாட்டினில் தேடுங்கள்

ஆர்என்ஏ அளவு எவ்வளவு குறைந்தது என்று சொல்லும். எந்தப் படியில் நின்றது என்று சொல்லாது. அதற்குக் குரோமாட்டின் வீழ்படிவு முறை தேவை. 1 விழுக்காடு ஃபார்மால்டிஹைடால் புரதங்களை டிஎன்ஏவோடு பிணைத்து, கிளைசினால் நிறுத்தி, ஒலி அலையால் 200 முதல் 500 எழுத்துத் துண்டுகளாக்கி, எதிர்ப்பொருளால் பிடித்து, புரோமோட்டர் பகுதியையும் மரபணுவின் உடற்பகுதியையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

பாலிமரேஸுக்கான எதிர்ப்பொருளில் கவனம் தேவை. வாலை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் வாலின் பாஸ்பேட் நிலைக்கேற்ப ஒட்டும் திறனில் மாறுகின்றன. கின்28-ஐ அகற்றிவிட்டு அவற்றைப் பயன்படுத்தினால், பாலிமரேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதையும் வால் எப்படி இருக்கிறது என்பதையும் ஒன்றாகக் கலந்து அளப்பீர்கள். ஆர்பிபி3 துணை அலகுக்கான எதிர்ப்பொருள் பாதுகாப்பானது.

புரோமோட்டரில் டாட்டா பிணைப்புப் புரதத்தை எங்கே தேடுவது என்பதிலும் ஒரு பொறி உண்டு. மனிதரில் அந்தப் புரதம் அமரும் டாட்டா வரிசைக்கும் படியெடுப்பு தொடங்கும் இடத்துக்கும் இடையே சுமார் 30 எழுத்துகள். ஈஸ்ட்டில் பாலிமரேஸ் கீழ்நோக்கி வருடிச் சென்று தொடக்க இடத்தைத் தேர்ந்தெடுப்பதால் அது 40 முதல் 120 வரை மாறுபடுகிறது. பிற உயிரிகளுக்கான பாடத்தை மனத்தில் வைத்துப் பிரைமர் அமைத்தால் உச்சியைத் தவறவிடுவீர்கள். மேலும், ஈஸ்ட் மரபணுக்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டில்தான் தெளிவான டாட்டா வரிசை இருக்கிறது.

12. முடிவைப் படிக்கும்போது

டாஃப்களை அகற்றியபோது பெரும்பான்மை மரபணுக்கள் கடுமையாகக் குறைந்து, ஒரு சிறுபகுதி மட்டும் ஓரளவே குறைந்தால், உங்கள் சோதனை சரியாகவே நடந்திருக்கிறது. விரைவான அகற்றலால் 2020-இல் கண்டறிந்தபடி, ஈஸ்ட் மரபணுக்களில் ஏறக்குறைய 87 விழுக்காடு 2டியையே பெரிதும் சார்ந்தவை; எஞ்சிய 13 விழுக்காட்டில் 2டியும் சாகாவும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றன. பின்னவை பெரும்பாலும் டாட்டா வரிசை கொண்டவை. அவற்றைப் பற்றி முடிவுக்கு வர வேண்டுமானால், எஸ்பிடி7-ஐயும் டாஃப் ஒன்றையும் ஒரே ஸ்ட்ரெய்னில் சேர்த்து அகற்றிப் பாருங்கள்.

சாகாவின் துணை அலகு மரபணுவை நிரந்தரமாக நீக்கிய ஸ்ட்ரெய்னில் கிடைக்கும் எண்களை, அரை மணி நேர அகற்றலின் எண்களோடு ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள். நீக்கிய ஸ்ட்ரெய்ன் பல தலைமுறைகளாக மாறிய குரோமாட்டினோடு வாழ்ந்திருக்கிறது. அது காட்டும் பரந்த குறைவு வேறு கேள்விக்கான விடை.

சுவா7-ஐ அகற்றியபோது புரோமோட்டரில் டாட்டா பிணைப்புப் புரதமும் குறைந்திருந்தால், எதிர்ப்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். பின்னே வருவது இல்லாதபோது முன்னே வந்ததும் நிலைப்பதில்லை என்பதே செல்லுக்குள் காணும் இயல்பு. கின்28-இல் நிலைமை வேறு: அதன் கைனேஸ் செயலைத் தடுத்தால் தொகுப்பு கட்டப்படுகிறது, ஆனால் தூண்டும் புரதங்களையும் பாலிமரேஸையும் இணைக்கும் மீடியேட்டர் தொகுப்பு புரோமோட்டரிலேயே தங்கிவிடுகிறது, பாலிமரேஸ் விடுபட்டுச் செல்வது தடைப்படுகிறது. வழக்கமான செல்லில் மைய புரோமோட்டரில் மீடியேட்டரைப் பிடிப்பது கடினம், ஏனெனில் அது அவ்வளவு விரைவாக விலகிவிடுகிறது.

மாட்1-ஐ அகற்றும் சோதனையை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏடிபியைச் செலவிட்டு டாட்டா பிணைப்புப் புரதத்தை டிஎன்ஏவிலிருந்து கழற்றும் புரதம் அது. அது இல்லாதபோது சில மரபணுக்கள் கூடுகின்றன, சில குறைகின்றன. கூடுவதும் குறைவதும் கலந்து வரும் முடிவை நம்ப வேண்டுமானால், எல்லாம் ஒரே திசையில் குறையும் சுவா7 சோதனையை அதே கைகளால், அதே பிளவு ஈஸ்ட் பங்குகளைக் கொண்டு, முன்பே மூன்று முறை செய்து ஒத்த எண்களைப் பெற்றிருக்க வேண்டும்.